துருவ நட்சத்திரத்துக்குக் கீழே ஒரு கொல்லை

துருவ நட்சத்திரம் உச்சந்தலைக்கு மேலே ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும் என்று நாற்பது வயது வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். புதுக்கோட்டையிலிருந்து பார்த்தால் அது அடிவானத்தை ஒட்டி, கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி ஓரமாக நிற்கிறது. கையை நேராக நீட்டி, முஷ்டியை மடக்கி, வடக்கு அடிவானத்தின் மேல் வையுங்கள். முஷ்டியின் மேல்பக்கம் எங்கே முடிகிறதோ அங்கே இருக்கும். அவ்வளவுதான் அதன் உயரம். வெளிச்சமும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. இதை நம்பித்தான் கப்பல் ஓட்டினார்கள் என்றால் அந்தக் காலத்து ஆட்களின் தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

எனக்கு அதைப் படம் பிடிக்கும் ஆசை வந்தது இணையத்தால். குளிர்தேசத்துக்காரர்கள் எடுத்துப் போடுகிறார்கள். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி வட்டம் வட்டமாக ஒளிக்கோடுகள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கேமராவை ஆடாமல் நிறுத்தி, அரை நிமிடத்துக்கு ஒரு படமாக எடுத்துக்கொண்டே போய், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் போதும். பூமி சுற்றுவதால் மற்ற நட்சத்திரங்கள் எல்லாம் கோடாக இழுபடும். துருவ நட்சத்திரம் மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். நான் டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துக் கொடுத்துக் கொடுத்து, நம் கண்ணால் ஒன்றை உருப்படியாகப் பார்த்தால் என்ன என்று தோன்றிவிட்டது. பழைய கேமரா ஒன்றும் மூன்று கால் ஸ்டாண்டு ஒன்றும் வாங்கினேன். என் மனைவி அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "துணி காயப்போடவாவது ஆகுமா?" என்று கேட்டாள்.

வீட்டு மொட்டை மாடியில் வடக்கே தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்கு அந்தப்பக்கம் கல்யாண மண்டபத்தின் பெயர்ப்பலகை, வருஷம் பூராவும் யாருக்கோ கல்யாணம் நடக்கிற மாதிரி எரிந்துகொண்டிருக்கும். சித்தன்னவாசல் பக்கம் போய்ப் பார்த்தேன். பாறை இருந்த இடத்தில் வடக்கு மறைந்தது, வடக்கு தெரிந்த இடத்தில் விளக்கு இருந்தது. வல்லத்திராக்கோட்டைப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய மட்டும் தைலமரம். நம் மாவட்டத்தில் எந்தத் திசையில் திரும்பினாலும் ஒரு தைலமரத் தோப்பு எழுந்து நின்று வணக்கம் சொல்லும். முஷ்டி உயரத்தில் நிற்கும் நட்சத்திரத்துக்கு அது தாராளமாகப் போதும், மறைத்துவிடும்.

கடைசியில் அரிமளம் தாண்டி ஒரு ஊரில் இடம் கிடைத்தது. மேடான சரளைப் புன்செய் ஒன்று, எங்கள் பக்கத்துப் பேச்சில் கொல்லை. அதன் வடக்கு ஓரத்தில் ஒரு கிணறு, கிணற்றை ஒட்டி ஓட்டுக்கூரை போட்ட மோட்டார் ரூம். அதற்கப்பால் பெரிய கண்மாய். கண்மாய்க்குள் மரம் இல்லை, விளக்கு இல்லை, மனுஷன் இல்லை. வடக்கு அடிவானம் துடைத்துவைத்த தட்டு மாதிரி கிடந்தது. இதைவிட நல்ல இடம் இந்த மாவட்டத்தில் இல்லை என்று முடிவு கட்டினேன். கொல்லைக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார் என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

நிலவு இல்லாத நாள்தான் வேண்டும் என்பதால் அமாவாசையாகப் பார்த்துப் போனேன். அதிலும் முதன்முதலில் போனது தை அமாவாசை. ஊரே முன்னோருக்குப் படைத்துவிட்டு வீட்டோடு இருக்கிற நாளில், சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்பின் தெரியாத ஒருவன் கொல்லை மேட்டில் மூன்று கால் ஸ்டாண்டை விரித்து, அதில் கறுப்புப் பெட்டியை வைத்து, போனில் திசைகாட்டியைப் பார்த்துப் பார்த்து அதை வடக்கே திருப்பிக்கொண்டிருந்தால் என்ன நினைப்பார்கள்? முதலில் புதையல் எடுக்க வந்தவன் என்று நினைத்தார்களாம். அப்படியே நினைத்திருக்கலாம். அடித்து விரட்டியிருப்பார்கள், எல்லோருக்கும் நல்லதாகப் போயிருக்கும்.

நன்றாக இருட்டியதும் டார்ச் வெளிச்சம் ஒன்று என் முகத்தில் விழுந்தது. பின்னால் கொல்லைக்காரர். ஐம்பது வயது தாண்டிய அம்மாள், சேலையை வரிந்து செருகியிருந்தார். கூட அவருடைய கொழுந்தனார், ஊர் முக்கில் டீக்கடை வைத்திருப்பவர்.

"எங்கிட்டுருந்து வாரீங்க? எந்த ஆபீஸு?" என்றார் அம்மாள்.

"ஆபீஸெல்லாம் இல்லைங்க. நட்சத்திரம் படம் எடுக்க வந்தேன்."

"ஒங்க வீட்டு மாடியில தெரியாத நட்சத்திரம் எங்க கொல்லையில மட்டும் தெரியுதாக்கும்?"

உண்மை அதுதான். ஆனால் உண்மையைச் சொல்லச் சொல்ல அது பொய் மாதிரியே கேட்டது. வடக்கு துல்லியமாகத் தெரிய வேண்டும் என்றேன். கொழுந்தனார் அம்மாளைப் பார்த்தார். நடுவில் மேடு பள்ளம், மரம் மட்டை இருக்கக் கூடாது என்றேன். இரண்டு பேரும் பெருமூச்சு விட்டார்கள். இன்னும் இரண்டு மூன்று மாதம் வரவேண்டியிருக்கும் என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

"சொல்லிருங்க சார்," என்றார் கொழுந்தனார். "ரோடு எங்க கொல்லையில வருதா, கண்மாய்க்குள்ள வருதா?"

அப்போதுதான் விஷயம் விளங்கியது. அந்தப் பக்கம் பைபாஸ் ரோடு வரப்போகிறது என்று கொஞ்ச நாளாகப் பேச்சு. எங்கோ ஒரு ஊரில் இப்படித்தான் மூன்று கால் பெட்டியோடு வந்தார்களாம். பின்னாலேயே கல் நட்டார்களாம். கல்லுக்குப் பின்னால் ஜேசிபி வந்ததாம். அம்மாளுக்கு இருந்தது அந்தக் கொல்லையும் கிணறும்தான். வீட்டுக்காரர் வளைகுடாவில் லாரி ஓட்டி அனுப்பியதெல்லாம் அந்தக் கிணற்றுக்குள்தான் போயிருக்கிறது. பாறைக்கு வெடி வைத்து, மறுபடி வெடி வைத்து, சித்திரையிலும் வற்றாத ஊற்றைப் பிடித்திருந்தார்கள். ஊரில் வேறு யார் கொல்லையிலும் கோடையில் பச்சை கிடையாது. "இந்தத் தண்ணி போச்சுன்னா நான் அடுத்தவுக கொல்லைக்குக் களை வெட்டத்தான் போவணும்," என்றார். நான் சத்தியம் செய்தேன். ஆபீஸ்காரர்கள்தான் சத்தியம் செய்வார்கள் போலிருக்கிறது, சந்தேகம் இன்னும் கெட்டியானது.

அடுத்த அமாவாசைக்கு, தை மாதம் எடுத்த படத்தைப் பெரிதாக அச்சுப்போட்டுக் கொண்டுபோனேன். கண்ணால் பார்த்தால் நம்பிவிடுவார்கள் என்று எனக்கு ஒரு மேதாவித்தனம். அம்மாள் படத்தை டார்ச்சில் பிடித்துப் பார்த்தார். மோட்டார் ரூமின் கூரைக்கு மேலே, ஒன்றுக்குள் ஒன்றாக வளைந்து வளைந்து கோடுகள். கீழே தரை வரைக்கும் இறங்கி அறுந்திருந்தன. நம் ஊரில் துருவம் தாழ்வாக நிற்பதால் பெரிய வட்டங்கள் முழுதாக வராது, பாதியில் பூமிக்குள் போய்விடும். இதை நான் விளக்குவதற்குள் கொழுந்தனார் முந்திக்கொண்டார்.

"ரவுண்டானா."

"என்னது?"

"எங்க கொல்லையில ரவுண்டானா வருது. பிளானே போட்டுட்டீங்க."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ராத்திரி கண் விழித்து, கொசுவுக்கு ரத்தம் கொடுத்து, கம்ப்யூட்டர் முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அடுக்கிய படம். அதை ரவுண்டானா என்று சொல்லிவிட்டார் ஒரு டீக்கடைக்காரர். படத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். வயிற்றெரிச்சல் என்னவென்றால், ரவுண்டானா மாதிரிதான் இருந்தது.

அன்றிலிருந்து எனக்குப் படத்தைவிட இவர்களை நம்பவைப்பது முக்கியமாகிவிட்டது. வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை. பங்குனி அமாவாசைக்குப் போனபோது அம்மாளைக் கிணற்றடியில் உட்காரவைத்து, மோட்டார் ரூம் கூரையின் முனைக்கு நேர் மேலே நிற்கும் நட்சத்திரத்தைக் காட்டினேன். பக்கத்தில் இருந்த மற்ற நட்சத்திரங்களையும் அடையாளம் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கலாம் என்றேன். அவர் நடுவில் போய் உலை வைத்து இறக்கி, கொழுந்தனாருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு வந்தார். அதே இடத்தில் உட்கார்ந்து பார்த்தார். மற்றதெல்லாம் நகர்ந்துவிட்டிருந்தது. கூரை முனையில் நின்றது மட்டும் அங்கேயே நின்றது.

"அட, இது மட்டும் எங்கிட்டும் போகல," என்றார்.

"அதுக்குத்தான் அக்கா இவ்வளவு பாடு."

"எங்க வீட்டுக்காரரு இருக்கற ஊர்லயும் இதானா?"

"இதேதான். அங்கே இன்னும் உயரத்தில் நிற்கும்."

"அங்க போனா எல்லாமே ஒசரத்துலதான் நிக்கும்," என்றார். பிறகு சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு சந்தேகம் போயிற்று. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க வேண்டியதில்லை. பத்து பேருக்குக் கண்ணாடி மாட்டி, பத்து பேரும் ஒரே நேரத்தில் தெரியுது தெரியுது என்று சொன்னால்கூட அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

அதன் பிறகு நான் சாராக இல்லை, தம்பி ஆகிவிட்டேன். மோட்டார் வயரைத் திருடர்கள் அறுக்காமல் இருக்க எரியவிட்டிருந்த பல்பை எனக்காக அணைத்துவைப்பார்கள். நான் வருகிற அன்று மோர் தயாராக இருக்கும். ஊரில் யாராவது புதிதாக என்னைப் பார்த்து முறைத்தால் அக்காவே, "நம்ம தம்பிதான், நட்சத்திரம் புடிக்கிறாரு," என்பார். ஏதோ அயிரை மீன் பிடிக்கிற மாதிரி. டீக்கடையில் எனக்கென்று ஒரு நாற்காலி ஒழிந்திருக்கும். அதில் உட்கார்ந்து நான் பேசிய பேச்சை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. மூன்று கால் வைத்ததெல்லாம் சர்வே இல்லை, படித்தவன் பயப்பட மாட்டான், எதையும் அறிவியல்பூர்வமாகப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் விளாசினேன். ஊரார் தலையாட்டிக் கேட்டார்கள். பாவம், கவனமாகவும் கேட்டிருக்கிறார்கள்.

சித்திரையில் நல்ல படம் அமைந்தது. விமானம் குறுக்கே போகவில்லை, டார்ச் அடிக்கவில்லை, கேமரா ஆடவில்லை. நடுவில் அசையாத புள்ளி, சுற்றிலும் வெள்ளியும் லேசான நீலமுமாக வளையங்கள். அதைப் பெரிதாக அச்சிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு, ஒன்றை என் கடையிலும் ஒன்றை அக்கா வீட்டிலும் மாட்டினேன். கடைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து, பவர் கூடினால் இப்படித்தான் தெரியுமா என்று கேட்டார்கள். அக்கா வீட்டில் அதற்கு நல்ல மரியாதை. சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே இடம். வருகிறவர்களிடமெல்லாம், "எங்க கொல்லை," என்று காட்டுவாராம்.

வைகாசி, ஆனியில் தூசி. ஆடியில் காற்று. அப்புறம் மழை. வானத்தில் வடக்கு எது தெற்கு எது என்று தெரியாத மாதங்களில் நான் அந்தப் பக்கம் போகவில்லை. படம்தான் கிடைத்துவிட்டதே.

மார்கழி அமாவாசைக்குத்தான் மறுபடி போனேன். கொல்லைக்குள் வண்டி நுழைந்ததும் மேட்டில் கல் ஒன்று நின்றது. வெள்ளை அடித்து, தலையில் சிவப்புப் பட்டை. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. அதற்கு நேராகப் பார்த்தால் கிணற்றுக்கு இந்தப்பக்கம் ஒன்று, அந்தப்பக்கம் ஒன்று. கேமராப் பையை நான் இறக்கவே இல்லை.

நடந்ததைக் கொழுந்தனார்தான் சொன்னார். ஆவணியில் சர்வேக்காரர்கள் முதலில் பக்கத்து ஊருக்குத்தான் போயிருக்கிறார்கள். ரோடு அந்த ஊர் வழியாகத்தான் போவதாக இருந்திருக்கிறது. ஸ்டாண்டை விரித்ததுமே ஊர் திரண்டு வந்து மறித்து உட்கார்ந்துவிட்டது. இரண்டு தடவை வந்து இரண்டு தடவையும் திரும்பிப் போயிருக்கிறார்கள். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் இங்கே வந்திருக்கிறார்கள். இரண்டு இளவட்டங்கள், ஒரு மூன்று கால் ஸ்டாண்டு, அதன் தலையில் மஞ்சள் பெட்டி. ஐந்து மணி. நான் வழக்கமாக வந்து ஸ்டாண்டு விரிக்கிற நேரம், நான் விரிக்கிற அதே மேடு.

அக்கா கடலைக் கொல்லையில் நின்று பார்த்திருக்கிறார். என் ஆட்கள் என்று நினைத்துவிட்டார்.

"வடக்கதானே பாக்குறீங்க தம்பி?" என்று கேட்டிருக்கிறார்.

"ஆமாம்மா, வடக்குதான்," என்றிருக்கிறார்கள். பொய் இல்லை. ரோடு வடக்கேதான் போகிறது.

"அப்பக் கெணத்து மேட்டுக்கு வாங்க, அங்கிட்டுத்தான் மறைப்பே கெடையாது."

தானே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியிருக்கிறார். கிணற்றுத் தண்ணீர் விட்டுக் கலக்கிய மோர் கொடுத்திருக்கிறார். காற்றில் ஸ்டாண்டு ஆடக் கூடாது என்று கால்களுக்கு மண் அணைத்துக் கொடுத்திருக்கிறார். அது நான் கற்றுக்கொடுத்தது. எதிர்முனையில் அளவுக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கொழுந்தனார்.

"அங்க மறிச்சாங்க, இங்க மோரு குடுத்தோம்," என்றார் அவர். "கோடு இங்கிட்டு வளைஞ்சிருச்சு. இந்த ஊர்ல எதிர்ப்பே இல்லைன்னு எழுதிட்டாங்களாம்."

என்னை ஒரு வார்த்தை வையவில்லை. வைதிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அக்கா கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். "நீங்க இருந்திருந்தா பாத்ததும் சொல்லிருப்பீங்கல்ல தம்பி, இது வேற பொட்டின்னு," என்றார். உண்மையாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

தாலுகா ஆபீஸில் ஆட்சேபணை விசாரணை என்றார்கள். நானும் வருகிறேன் என்று சொல்லிக் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். அளந்தவர்கள் எழுதிய தாளில் அந்த இடம் தரிசு என்றும், கிணறு இல்லை என்றும் இருந்தது. அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். வற்றாத கிணறு என்று தெரிந்தால் யாரும் அதன் மேல் ரோடு போட மாட்டார்கள், தள்ளித்தான் போடுவார்கள் என்று அக்கா தீர்மானமாக இருந்தார். காட்டிவிட்டால் போதும் என்பது அவர் கணக்கு. நிலம் போகிற மற்றவர்கள் செல்போனில் எடுத்த படங்களை அச்சுப்போட்டுக் கையில் வைத்திருந்தார்கள். தென்னை, மாட்டுக்கொட்டகை, கிணறு எல்லாம் பளிச்சென்று வெயிலில் தெரிந்தன. அக்கா கையில் போர்வை சுற்றிய பெரிய பொருள் ஒன்று இருந்தது. முறை வந்ததும் அவர் அதைப் பிரித்து அதிகாரியின் மேஜைமேல் நிமிர்த்திய பிறகுதான் என்னவென்று பார்த்தேன்.

"டவுன்ல இருந்து பெரிய கேமரா கொண்டாந்து எடுத்தது சார்," என்றார். "எங்க கொல்லை."

அதிகாரி நல்ல மனிதர். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "அடேயப்பா, ரொம்ப அழகா இருக்கும்மா," என்றார். "கிணறு எங்க இருக்கு?"

அக்கா விரலை வைத்தார். "இதுதான் மோட்டார் ரூமு. இதுக்குக் கீழ கெணறு. இந்தா, இங்கிட்டிருந்து இது வரைக்கும் கடலை. இது நான் நட்ட முருங்கை." மேல்பாதி முழுக்க வளையங்கள் ஜொலித்தன. கீழ்ப்பாதியில், ஒரே கறுப்பாகக் கிடந்த இடத்தில், அவர் விரல் ஒவ்வொரு இடமாக நின்று நின்று போனது. தினமும் அந்தப் படத்தைப் பார்த்தவர் அவர். எல்லாமே அவருக்குத் தெரிந்தது. அதிகாரி குனிந்து பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். எத்தனையோ தடவை பார்த்த படம்தான், ஆனால் அந்தப் பாதியை நான் பார்த்ததே இல்லை. அங்கே ஒன்றுமில்லை.

"ஒண்ணும் தெரியலையேம்மா," என்றார் அதிகாரி.

"தம்பிதான் சார் எடுத்தாரு. அவருக்குத் தெரியும்." அக்கா என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க தம்பி."

"இருக்கு சார்," என்றேன். "அங்கதான் இருக்கு."

அதிகாரி படத்தைப் பத்திரமாகத் தூக்கி அக்கா கையில் கொடுத்துவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.